சாஃப்ட்99 ஃபுஸ்ஸோ கோட்: டின்னில் 12 மாதம், கோலாலம்பூரில் எத்தனை?

ஜப்பானிய மொழியில் ‘ஃபுஸ்ஸோ’ என்றால் ஃபுளோரின். ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே டெஃப்லான், அதே குடும்பம். ஓசாகாவின் சாஃப்ட்99 நிறுவனம் அந்த வகைப் பிசினைக் காருக்குப் பூசும் கட்டி வேக்ஸில் கலந்து 200 கிராம் டின்னில் அடைத்து, ‘12 மாதம்’ என்று பெயரிலேயே போட்டு விற்கிறது. வெளிர் நிறக் காடிக்கு ஒரு டின், கருநிறக் காடிக்கு ஒரு டின். ஷோப்பி, லசாடா இணையக் கடைகள் இரண்டிலும் கிடைக்கிறது. ஒரே டின்னுக்குக் கடைக்குக் கடை விலை மாறுவதால் நாலு கடை பார்த்து வாங்குவது நல்லது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: வாங்கலாம். தெர்ரஸ் வீட்டுப் போர்ச்சில் பாதி உடம்பு வெயிலில் நிற்கும் பெரோடுவா மைவிக்கும் புரோட்டோன் சாகாவுக்கும் நன்றாக உழைக்கிற சரக்கு இது. ஆனால் அந்த 12 மாதத்தை நம்பி வாங்கக் கூடாது. டின்னைத் திறப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய அரை நாள் வேலையைச் செய்ய மனமில்லாதவர் வாங்கவே வேண்டாம். காசு வீண்.

12 மாதம் என்பது பொய்க் கணக்கில்லை, வேறு ஊர்க் கணக்கு. ஜப்பானில் பனிக்காலம் என்று ஒன்று இருக்கிறது. வெயில் தாழ்ந்து கிடக்கும் மாதங்கள் இருக்கின்றன. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 பாகை வடக்கில் இருக்கிறது. ஜனவரி வெயிலுக்கும் ஜூலை வெயிலுக்கும் இங்கே பேதமில்லை. மத்தியானத்தில் கறுப்புப் பானெட் 70 பாகை செல்சியஸ் வரைக்கும் போகும். மூன்று, நான்கு மணிக்கு அதன் மேலேயே மழை கொட்டும். அடுத்த நாளும் இதே கதை. அதோடு வாரம் ஒருமுறை ஷாம்பு வேறு. வெளியில் நிற்கும் காடிக்கு 4 மாதம், கொண்டோ அடுக்குமாடியின் மூடிய கார் பார்க்கில் நிற்பதற்கு 6, 7 மாதம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. கூரையும் பானெட்டும்தான் முதலில் தேயும். கதவில் இன்னும் தாராளமாக இருக்கும். அதனால் இடையில் ஒருமுறை அந்த இரண்டு இடத்துக்கு மட்டும் பூசிக்கொண்டால் போதும், முழுக் காடியும் வேண்டாம்.

தேய்ந்துவிட்டதா என்று பார்க்கிற முறையில்தான் பலர் தவறுகிறார்கள். தண்ணீர் முத்து முத்தாக நிற்கவில்லை என்றவுடன் வேக்ஸ் போய்விட்டது என்று அடுத்த பூச்சைப் போட்டுவிடுகிறார்கள். மேலே படிந்த சாலை அழுக்கும் புகைமூட்டக் காலத்துக் கரித்தூளும் முத்தை மறைக்கும். நன்றாக ஷாம்பு போட்டுக் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். கழுவின பிறகும் தண்ணீர் தட்டையாகப் படர்ந்து இறங்காமல் நின்றால்தான் தேய்ந்தது என்று அர்த்தம்.

முத்து விஷயத்தில் இன்னொன்று. படம் எடுத்துப் போட அழகாக இருக்கும், இந்த ஊருக்கு அது முழு நன்மையில்லை. மழை நின்று பத்து நிமிஷத்தில் வெயில் அடித்தால் ஒவ்வொரு முத்தும் நின்ற இடத்திலேயே காயும். அதிலிருந்த தூசும் உப்பும் வட்ட வட்டமாகப் படியும். ஃபுஸ்ஸோ கோட் முத்து வலுவாகக் கட்டும் சரக்கு. காடி ஓடினால் காற்று முத்துகளைத் தள்ளிவிடும், நின்றால் வட்டம் விழும். புதிய வட்டத்துக்கு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவு கலந்து, துண்டை நனைத்து இரண்டு நிமிஷம் மேலே போட்டு வைத்துவிட்டு அலசினால் போகும். மாதக் கணக்கில் விட்டதென்றால் கிளியர் கோட்டில், அதாவது நிறச் சாயத்துக்கு மேலே இருக்கும் நிறமில்லாத பூச்சில், குழி விழுந்திருக்கும். அதற்கு வினிகர் ஆகாது, போலிஷ்தான்.

காக்கை, மைனா எச்சத்துக்கும் இதே நியாயம். வேக்ஸ் அமிலத்தைத் தடுக்காது, கொஞ்சம் அவகாசம் வாங்கிக் கொடுக்கும். காலையில் விழுந்ததைக் காலையிலேயே எடுத்தால் தடம் இருக்காது; மத்தியான வெயிலில் வெந்துவிட்டால் எந்த டின்னும் காப்பாற்றாது. காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. டிஷ்யூவை நனைத்து மேலே போட்டு ஐந்து நிமிஷம் ஊறவைத்து, மேலாக ஒற்றி எடுக்க வேண்டும். எச்சத்துக்குள் மணல் இருக்கும்.

கார்னவ்பாவோடு ஒப்பிடாமல் விட முடியாது. அது பிரேசிலில் ஒரு பனை மரத்து இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. உருகுநிலை 82 முதல் 86 பாகை. அப்படியென்றால் நம் வெயிலைத் தாங்கும்தானே என்று தோன்றும். டின்னில் இருப்பது சுத்தக் கார்னவ்பா இல்லை. அது செங்கல் மாதிரி கடினம், பூச வராது. எண்ணெயும் கரைப்பானும் மென்மையான மெழுகும் சேர்த்துத்தான் தருகிறார்கள், அந்தக் கலவை சீக்கிரம் இளகும். கறுப்பு, அடர் சிவப்புக் காடியில் கார்னவ்பா தரும் ஈரப் பளபளப்பு ஃபுஸ்ஸோ கோட்டில் வராது. இதன் பளபளப்பு கண்ணாடி மாதிரி, கொஞ்சம் சூடில்லாதது. ஆனால் கார்னவ்பா இங்கே வெளியில் ஒன்றரை மாதம் நின்றாலே பெரிது. கல்யாணத்துக்கு ஊர்வலக் காடி தயார் செய்கிறவருக்குக் கார்னவ்பா. தினம் ஃபெடரல் ஹைவேயில் வேலைக்குப் போய் வருகிற காடிக்கு இது.

புட்டியில் வரும் ஸ்ப்ரே வகைகளை எதிரியாகப் பார்க்க வேண்டாம். ஈரக் காடியில் அடித்து அலசுகிற, துடைக்கிற ஸ்ப்ரேக்களை இதன் மேல் மாதம் ஒருமுறை போட்டுக்கொண்டால் அடிப்பூச்சு இன்னும் கொஞ்ச காலம் ஓடும். கடையில் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து செராமிக் கோட்டிங் போட்ட காடிக்கு மட்டும் இந்த டின் வேண்டாம். செராமிக் மேல் வேக்ஸ் பூசினால் மேலே வேலை செய்வது வேக்ஸ்தான். கொடுத்த காசு அடியில் தூங்கும்.

இனி டின்னுக்கு முன்னால் வரும் வேலை. இதற்கென்று செலவிட வேண்டிய பணத்தில் பாதி துண்டுகளுக்குப் போக வேண்டும். கீறலைப் போடுவதும் துண்டு, வேக்ஸை எடுப்பதும் துண்டு. துடைத்தெடுக்க சதுர மீட்டருக்கு 350, 400 கிராம் எடையுள்ள, ஓரத் தையல் இல்லாத மைக்ரோஃபைபர் ஆறு. ஈரம் உறிஞ்ச 600 கிராமுக்கு மேல் ஒன்று. மூலையில் தைத்த லேபிளை வெட்டிவிட வேண்டும், அது சாயத்தைக் கீறும். சாஃப்ட்லான் மாதிரியான துணி மென்மையாக்கி போட்டுத் துவைத்தால் நூலின் மேல் படலம் கட்டிக்கொண்டு எதையும் உறிஞ்சாது. பருத்தித் துணியோடு சேர்த்து மெஷினில் போட்டால் பஞ்சு ஒட்டும். தரையில் விழுந்த துண்டு அன்றைக்கு ரிம்முக்கு மட்டும்தான்.

கழுவுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. முதலில் தேய்க்காமல் தண்ணீர் பாய்ச்சி மணலை இறக்க வேண்டும். பிறகு இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர், இரண்டிலும் அடியில் சல்லடைத் தட்டு. ஒவ்வொரு கதவுக்கும் பிறகு கழுவும் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வர வேண்டும். கதவின் கடைசி ஒரு சாண் உயரமும் பின் பம்பரும் கடைசியில். வேக்ஸ் போடப் போகிற அன்றைக்கு மட்டும் ‘வாஷ் அண்ட் வேக்ஸ்’ ஷாம்பு வேண்டாம். அதில் உள்ள பிசின் சாயத்தில் தங்கி, ஃபுஸ்ஸோ கோட் ஒட்டவிடாமல் செய்யும்.

கழுவின பிறகு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு பானெட்டை மெதுவாகத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய இடம் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். ரயில் தண்டவாளத்து இரும்புத்தூள், முன்னால் போன லாரியின் பிரேக் தூள், பக்கத்துக் கட்டுமானத்துச் சிமெண்ட், சாலைத் தார் எல்லாம் அதில் இருக்கும். செந்தூல், பிரிக்ஃபீல்ட்ஸ் மாதிரி தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தும் வெள்ளைக் காடியில் ஆரஞ்சுப் புள்ளிகளாகவே தெரியும்.

இரும்புக்கு அயர்ன் ரிமூவர். அடித்த மூன்று நிமிஷத்தில் ஊதா நிறமாக ஒழுகும், அழுகின முட்டை நாற்றம் வரும்; இரண்டும் சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஐந்து நிமிஷத்துக்குள் அலசிவிட வேண்டும், காயவே கூடாது. வெயிலிலும் சூடான சாயத்திலும் அடிக்கக் கூடாது. தாருக்குத் தனியாகத் தார் ரிமூவர், பஞ்சில் நனைத்து அரை நிமிஷம் வைத்து ஒற்றினால் வந்துவிடும். மண்ணெண்ணெயும் எடுக்கும், ஆனால் விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தை ஷாம்பு போட்டு இரண்டு தரம் கழுவ வேண்டியிருக்கும்.

மிச்சத்துக்குக் கிளே, சாயத்தில் ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. ‘ஃபைன்’ என்று போட்டதுதான் வீட்டுக்கு. 200 கிராம் கட்டியை நாலாகப் பிரித்து, ஒன்றை மட்டும் எடுத்துத் தட்டையாக்கி, ஷாம்பு தண்ணீர் தாராளமாக ஊற்றிய இடத்தில் நேர்கோட்டில் ஓட்ட வேண்டும். வட்டமாக வேண்டாம். அழுத்தவும் வேண்டாம், முதலில் கரகரவென்று இழுக்கும், பிறகு சத்தமில்லாமல் வழுக்கும். வழுக்கினால் அந்த இடம் முடிந்தது. அழுக்குத் தெரிந்தவுடன் மடித்துப் புது முகம் எடுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் கிளே சீக்கிரம் பிசுபிசுத்துச் சாயத்தில் கோடாக ஒட்டும்; ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வைத்து அவ்வப்போது முக்கி எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. கீழே விழுந்தால் குப்பைத் தொட்டி. 50 கிராமாகப் பிரித்தது அதற்குத்தான்.

கிளே போட்ட காடியில் மெல்லிய கீறல் கொஞ்சம் விழத்தான் செய்யும். அதனால்தான் அதற்கு அடுத்து போலிஷ். இங்கேதான் வீட்டில் செய்கிறவர் அதிகம் கெடுத்துக்கொள்கிறார், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

வேக்ஸ் கீறலை எடுக்காது, மேலே உட்காரும். போலிஷ் பளபளப்பைப் பூசாது, சாயத்தையே சீவும். தொழிற்சாலைக் கிளியர் கோட் சுமார் 40, 50 மைக்ரான்தான். தலைமுடியே 70 மைக்ரான் சுற்றி இருக்கும். மெஷினில் காம்பவுண்ட் என்கிற கரடான போலிஷைப் போட்டு ஒரு இடத்தை ஒழுங்காக முடிப்பதற்குள் 1 முதல் 3 மைக்ரான் போகும். வருஷத்துக்கு இரண்டு தரம் காம்பவுண்ட் போடுகிறவர் என்ன செய்கிறார் என்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நகத்தை ஓட்டினால் தட்டுகிற கீறல் போலிஷில் போகாது. அது போகிற வரைக்கும் தேய்த்தால் கிளியர் கோட்டும் கூடவே போய்விடும். கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டாகத் தோல் உரிந்த பழைய காடிகளைத் தாமானுக்குத் தாமான் பார்க்கலாம். அதற்குப் போலிஷும் வேக்ஸும் தீர்வில்லை, சாயம் அடிக்கிற கடைதான். போலிஷ் போடும்போது துணியில் காடியின் நிறமே வந்தால் பயப்பட வேண்டாம். அது கிளியர் கோட் இல்லாத ஒற்றை அடுக்குச் சாயம். ஆனால் அங்கே இன்னும் மென்மையாகத்தான் கை வைக்க வேண்டும்.

கையால் போலிஷ் போடுவது மங்கலைக் கொஞ்சம் எடுக்கும். வெயிலில் தெரியும் சிலந்தி வலைக் கீறல் முழுசாகப் போகாது, கை வலிதான் மிச்சம். கதவுப் பிடிக்குப் பின்னால் இருக்கும் நகக் கீறல், ஒரு எச்சத் தடம், இவ்வளவுக்குக் கை போதும். முழுக் காடிக்கு, சுற்றிக்கொண்டே பக்கவாட்டிலும் ஆடும் டிஏ போலிஷ் மெஷின் வேண்டும், 15 மில்லிமீட்டர் வீச்சு, 5 அங்குலத் தட்டு. ரோட்டரி வேண்டாம். அது ஒரே இடத்தில் சுற்றும், சூடேற்றும், பழகாத கையில் ஓரத்தைச் சுட்டுவிடும். ஒழுங்காகச் செய்யாவிட்டால் வெயிலில் சுருள் சுருளாகத் தெரியும் தடத்தை விட்டுப்போகும்.

முதலில் பானெட்டின் ஒரு மூலையில் 40 சென்டிமீட்டர் சதுரத்தை டேப் ஒட்டி ஒதுக்கிச் சோதனை செய்ய வேண்டும். மெஷினில் ஒட்டும் மென்மையான ஸ்பாஞ்ச் பேட், ஃபினிஷிங் என்கிற மிக மெல்லிய போலிஷில் தொடங்கி, போதவில்லை என்றால்தான் அடுத்த படி. நேரே காம்பவுண்டை எடுக்கக் கூடாது. ஜப்பானியக் காடிகளின் கறுப்புச் சாயம் பொதுவாக மென்மை. சீக்கிரம் சரியாகும், அதே வேகத்தில் மறுபடியும் கீறும். ஜெர்மன் சாயம் முரண்டு பிடிக்கும்.

பேட்டில் பட்டாணி அளவு நாலு, ஐந்து சொட்டு. முதல் தடவைக்கு மட்டும் பேட் முழுக்க லேசாகத் தடவிக்கொள்ள வேண்டும், காய்ந்த பேட் கீறும். மெஷினை நிறுத்தி வைத்தே சாயத்தின் மேல் நாலு இடத்தில் ஒற்றிவிட்டு, வேகம் 1-இல் பரப்பி, 4 அல்லது 5-க்கு ஏற்றி வேலை செய்ய வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக ஆறு சுற்று, ஒவ்வொரு கோடும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். கை வேகம் விநாடிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர், அதற்கு மேல் ஓடினால் வேலை நடக்காது. தட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைத்தால் பேட் சுற்றுகிறதா என்று தெரியும். அதிகம் அழுத்தினாலோ பேட் சாய்ந்தாலோ கோடு நின்றுவிடும். வெறும் அதிர்வு எதையும் வெட்டாது. போலிஷ் எண்ணெய் மாதிரி கண்ணாடிப் படலமாகத் தெரியும்போதே நிறுத்த வேண்டும். தூளாகப் பறந்தால் நேரம் தாண்டிவிட்டது. ஒவ்வொரு இடம் முடிந்ததும் பேட்டை நைலான் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். அடைத்துக்கொண்ட பேட்தான் புதுக் கீறலுக்குக் காரணம், போலிஷை குறை சொல்லிப் பலனில்லை.

கதவு ஓரம், பானெட் மடிப்பு, மட்கார்டு வளைவு எல்லா இடத்திலும் சாயம் மெல்லிசு. அங்கே மாஸ்கிங் டேப். பம்பர் பிளாஸ்டிக், சூடு வெளியேறாது, சட்டென்று ஏறும். வேகத்தை ஒரு படி குறைக்க வேண்டும். கையை வைத்து ஐந்து விநாடி தாங்க முடியாத சூடென்றால் நிறுத்திவிட வேண்டும். போர்ச் தரை ஈரமாக இருக்கும்போது நீட்டிப்பு வயரைத் தரையில் போட்டு மெஷின் ஓட்டக் கூடாது என்பதையும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

போலிஷில் இருக்கும் எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், ஃபுஸ்ஸோ கோட் ஒட்டுவதையும் கெடுக்கும். ஃபார்மசியில் கிடைக்கும் 70 விழுக்காடு ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு, மூன்று பங்கு சேர்த்து, துண்டில் அடித்து மெதுவாகத் துடைத்தால் போதும். மறைந்த கீறல் அப்போது மறுபடி தலை காட்டினால் போலிஷ் வேலை முடியவில்லை. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பார்த்துத்தான் அடுத்த படி.

இப்போது டின்னைத் திறக்கலாம். பெட்ரோல் மாதிரி காட்டமான வாடை வரும். மூடின கராஜில் வேண்டாம், காற்று ஓடுகிற இடம் வேண்டும். கையுறையும் நல்லது. உள்ளே ஒரு ஸ்பாஞ்ச் இருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்து இறுக்கிப் பிழிந்துவிட்டு, டின்னில் ஒரே ஒரு அரைச் சுற்று மட்டும் திருப்பி எடுக்க வேண்டும். பானெட் பாதிக்கு அது போதும். பூசின இடம் மூச்சுக்காற்று பட்ட கண்ணாடி மாதிரி மங்கலாகத் தெரிய வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். மைவி முழுக்கவும் 10 கிராமுக்குள் முடித்துவிடலாம், அந்தக் கணக்கில் ஒரு டின் நாலைந்து வருஷம் ஓடும். இந்தச் சரக்கின் உண்மையான மலிவு இங்கேதான் இருக்கிறது. அதிகம் பூசினால் அதிகம் நிற்கும் என்பது தவறு: சாயத்தோடு ஒட்டுகிற மெல்லிய படலம் மட்டும்தான் நிற்கும், மேலே குவிந்தது எல்லாம் துண்டுக்கும் கண்ணில் விழும் தூளுக்கும்தான்.

முழுக் காடியும் பூசிவிட்டு, பிறகு மொத்தமாகத் துடைக்கலாம் என்று இருக்கவே கூடாது. ஃபுஸ்ஸோ கோட் கார்னவ்பா மாதிரி பொறுத்திருக்காது. இந்த வெப்பத்தில் சீக்கிரம் இறுகும். ஒரு கதவு பூசி, அடுத்த கதவு பூசி, திரும்பி வந்து முதல் கதவில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். விரல் போன தடம் சுத்தமாகத் தெரிந்தால் எடுக்கலாம், இழுவிக்கொண்டு வந்தால் இன்னும் இரண்டு நிமிஷம். பொதுவாக நிழலில் ஐந்து நிமிஷம் சுற்றி. மழை விட்ட மாலையில், காற்றெல்லாம் ஈரமாக இருக்கும்போது, எட்டு, பத்து ஆகும். எடுப்பதற்கு இரண்டு துண்டு: முதலாவது அடித்துத் தள்ளும், இரண்டாவது கடைசி மங்கலை எடுக்கும். ஒரே துண்டில் முழுக் காடியும் துடைத்தால் நாலாவது கதவில் வேக்ஸை எடுக்காமல் பரப்பிக்கொண்டிருப்பீர்கள்.

இறுகிப் போய் வராத இடத்தில் வேகமாகத் தேய்க்க வேண்டாம். அதே வேக்ஸை ஸ்பாஞ்சில் துளி எடுத்து மேலே பூசினால் அதிலுள்ள கரைப்பான் பழையதை இளக்கும். உடனே துடைத்தால் வந்துவிடும். மறுநாள் காலையில் வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் தெரிந்தால் ஈரத் துண்டால் ஒருமுறை துடைத்தால் போதும். கெட்டுப்போகவில்லை, ஈரக் காற்றில் முதல் நாள் துடைத்தது போதவில்லை, அவ்வளவுதான்.

நேரத்தைப் பார்த்துத் தொடங்க வேண்டும். போலிஷோடு சேர்த்தால் ஒரு மைவிக்கு ஆறு, ஏழு மணி நேரம். காலை 7 மணிக்குக் கழுவத் தொடங்கினால் வேக்ஸ் போடும்போது மணி ஒன்றைத் தாண்டும், சரியாக மழைக்கு முந்தி. பூசின அன்றைக்கு ராத்திரி வரைக்குமாவது மழை படாமல் இருக்க வேண்டும். அதனால் கூரை போட்ட போர்ச் இல்லாதவர் ஒரே நாளில் எல்லாம் செய்யப் பார்க்க வேண்டாம். முதல் நாள் கழுவி, கிளே, போலிஷ். மறுநாள் காலையில் மேலாகக் கழுவி, உலர்த்தி, ஆல்கஹால் துடைத்து, வேக்ஸ் மட்டும் போட்டால் பத்து மணிக்கு முடிந்துவிடும். புதுசாகச் சாயம் அடித்த காடிக்கு அவசரம் கூடாது. அடித்த கடையைக் கேட்டு, குறைந்தது ஒரு மாதம் விட்டுத்தான் வேக்ஸ். உள்ளேயிருக்கும் கரைப்பான் வெளியேற வழி வேண்டும். பளபளப்பில்லாத மேட் சாயத்துக்கு இது எப்போதுமே கூடாது.

கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் பட்டால் வெள்ளைத் தடமாகக் காய்ந்து அசிங்கமாக நிற்கும். முன்னாலேயே டேப் ஒட்டுவது சோம்பல் இல்லாதவர் வழி. பட்டுவிட்டதென்றால் பல்துலக்கும் பழைய பிரஷ்ஷில் ஆல்பர்ப்பஸ் கிளீனர். முன் கண்ணாடியில் படக் கூடாது. வைப்பர் ஓடும்போது நடுங்கிச் சத்தம் போடும்.

நம்மவர் காடிகளுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு. புதுக் காடிக்கும் ஆயுத பூஜைக்கும் பானெட்டில் திருநீறு, சந்தனம், குங்குமம் வைக்காமல் இருப்பதில்லை. திருநீறு மெல்லிய தூள்தான், ஆனால் சாயத்துக்கு அது உப்புத்தாள் தூள் மாதிரி. காய்ந்த துணியால் தேய்த்தால் பானெட்டின் நடுவில் வட்டமாகக் கீறல் விழும். குங்குமம் வெள்ளைச் சாயத்தில் மஞ்சளும் சிவப்புமாகக் கறை விடும், எலுமிச்சைச் சாறு பட்டுக் காய்ந்தால் தடம் விழும். வேக்ஸ் போட்ட பானெட்டில் கறை வேக்ஸோடு நிற்கும், கிளியர் கோட்டுக்கு இறங்குவது குறைவு. பூஜைக்கு முதல் வாரம் வேக்ஸ் போட்டு, பூஜை முடிந்த அன்றைக்கே தண்ணீரைப் பாய்ச்சி இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஷாம்பு போட்டால் ஒன்றும் ஆகாது.

கொண்டோவில் இருப்பவருக்குக் குழாயும் கிடையாது, கழுவ விடவும் மாட்டார்கள். அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் வகைதான் அவர்களுக்கு. ஆப்டிமம் நோ ரின்ஸ் என்றால் 4 லிட்டர் தண்ணீருக்கு 15 மில்லி. ஒரே வாளி, ஒவ்வொரு துடைப்புக்கும் துண்டின் புது மடிப்பு. சேறு பிடித்த காடிக்கு ஆகாது, அன்றாடத் தூசுக்கு அருமை. பூசின வேக்ஸையும் எடுக்காது. 15 வெள்ளி சுற்றிக் கொடுத்துக் கடையில் கழுவுகிறவர், நாள் முழுக்க வேறு காடிகளைத் துடைத்த துண்டு தன் காடிக்கு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். சொந்தத் துண்டைக் கொடுத்தால் முகம் சுளிக்கிற கடைக்காரர்கள் குறைவுதான்.

டின்னைப் பயன்படுத்தின உடனேயே இறுக்கி மூட வேண்டும். கரைப்பான் பறந்துவிட்டால் வேக்ஸ் சுருங்கி, ஓரத்தில் வெடித்து, ஸ்பாஞ்சில் எடுக்கும்போது கட்டி கட்டியாக வரும். காடியின் பின் பூட்டில் (டிக்கியில்) வைக்கக் கூடாது; அங்கே மத்தியானம் அடுப்பு மாதிரி இருக்கும், இளகி ஒரு பக்கமாக ஓடி மறுபடி இறுகும். வீட்டுக்குள், அடுப்பங்கரைக்குத் தூரமாக, பிள்ளைகள் கைக்கு எட்டாத அலமாரி. ஸ்பாஞ்சைத் துவைக்கத் தேவையில்லை, ஒரு சிப்லாக் பையில் போட்டு டின்னோடு வைத்தால் அடுத்த நாலு மாதத்துக்கு அதுவே போதும்.